பாதிக்குப் பாதி சர்க்கரை

போன மாதம் கம்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், ஒரு பெட்டி நிறையப் பன்னீர் திராட்சையை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் எல்லோரும் தின்றோம். நாலாவது நாள் காம்பு ஓரத்தில் பழம் கசியத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்கேக் கேட்டு உட்கார்ந்திருந்த மகள், "இதுல சாஸ் செஞ்சு மேல ஊத்தலாம்ப்பா"ன்னு சொன்னாள். செய்முறையும் அவளே கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ரொம்பச் சுலபமான வேலைதான். அரை கிலோ திராட்சை, கால் கிலோ சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. பழத்தைக் கழுவி, தண்ணீரே விடாமல் அடிகனமான பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வைத்தால் பத்து நிமிஷத்தில் தோல் கழன்று தானே சாறு விட்டுவிடும். மத்தால் லேசாக மசித்து, வடிகட்டியில் அழுத்தித் தேய்த்தால் கொட்டையும் தோலும் மேலே நின்றுவிடும். கீழே இறங்கின சாற்றில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, கரண்டியின் பின்பக்கம் ஒட்டுகிற பதம் வரும்வரை கொதிக்கவிட வேண்டும். சூடாக இருக்கும்போது நீர்த்த மாதிரிதான் தெரியும், ஆறினால் இறுகும். அதனால் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும்போதே அடுப்பை அணைத்துவிடுவது நல்லது. நான் அணைக்கவில்லை. ஃபிரிட்ஜில் வைத்ததும் அது ஜாம் ஆகிவிட்டது, அது வேறு கதை.

சர்க்கரையை நான் அளந்து கொட்டுவதைப் பார்த்த அம்மா, "இம்புட்டு அஸ்காவாடா? எங்க வீட்ல இதை வச்சு ஒரு மாசம் ஓட்டுவோம்"ன்னாங்க.

சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு அது ஓடிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கிடைத்த சாஸ் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் நான் கொட்டினது கால் கிலோ. திராட்சையின் சொந்த இனிப்பையும் சேர்த்தால் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பழச்சாஸ் என்று பெயர், உள்ளே இருப்பது பழவாசனை ஏறின சர்க்கரைப் பாகு. பழத்தோடு இத்தனை சர்க்கரையைச் சேர்த்துக் காலைச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எப்போது, யாரால் சாத்தியமாச்சு? இந்தக் கேள்வியோடு நான்கு வாரம் படித்ததன் குறிப்புகள்தான் இது.

முதலில் பெயர். 'சாஸ்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'உப்பிட்டது' என்ற பொருள் தருகிற சொல். உப்பில் பிறந்த பெயரைச் சர்க்கரைக்குச் சூட்டியிருக்கிறார்கள். சர்க்கரையின் பெயரோ இங்கேயிருந்து போனது. சம்ஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் சரளைக்கல், மணல் மாதிரிப் பொடி. அதுதான் பாரசீகம், அரபு வழியாக 'சுக்கர்' ஆகி, ஐரோப்பா போய் 'சுகர்' ஆகித் திரும்பி வந்தது.

ஆனால் சர்க்கரை போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பழச்சாஸ் இருந்தது. அதுவும் திராட்சையில்!

ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைப் பிழிந்து, புளிக்கவிடாமல் அப்படியே அடுப்பிலேற்றிச் சுண்டக் காய்ச்சுவார்கள். பாதியாகச் சுண்டினால் 'டெஃப்ருட்டும்', மூன்றில் ஒரு பங்காகச் சுண்டினால் 'சாப்பா' என்று பிளினி கணக்குச் சொல்கிறார். இறைச்சிக்கு ஊற்றுவது, பழங்களைப் போட்டு வைப்பது, இனிப்புப் பண்டத்துக்குச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் இதுதான். அப்பீசியஸ் பெயரில் கிடைக்கிற சமையல் நூலில் சீமை மாதுளையைக் காம்போடும் இலையோடும் தேனிலும் இந்தச் சுண்டின சாற்றிலும் மூழ்க வைத்துப் பாதுகாக்கும் முறை இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. பழத்தின் இனிப்பை வைத்தே பழத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுவது? செம்பு, வெண்கலம் என்றால் புளிப்புக்குக் களிம்பு ஏறும், சுவை கெடும். அதனால் ஈயப் பாத்திரமே மேல் என்று விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா சொல்கிறார். உடனே நமக்கு ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் வரும். ஆனால் நம் ஈயச் சொம்பு வெள்ளீயம். ரோமானியர் சொல்வது காரீயம். திராட்சையின் புளிப்பு காரீயத்தோடு சேர்ந்து ஓர் உப்பு உண்டாகும். கொடுமை என்னவென்றால் அந்த உப்பு இனிக்கும். பழைய ஐரோப்பிய ரசவாதிகள் அதற்கு வைத்த பெயரே 'ஈயச் சர்க்கரை'. சாஸ் இன்னும் கொஞ்சம் தித்திப்பாக இருந்திருக்கும், உள்ளே விஷம் ஏறியிருக்கும். ரோமப் பேரரசு வீழ்ந்ததே இதனால்தான் என்று ஒரு வாதம் இணையத்தில் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பேரரசு விழ ஒரு சாஸ் போதாது.

இந்தச் சுண்டின சாறு செத்துப்போகவில்லை. துருக்கியில் 'பெக்மெஸ்' என்று இன்றைக்கும் காலை உணவில் எள்ளு விழுதோடு குழைத்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இத்தாலியின் சில பகுதிகளில் 'சாபா' என்று பழைய பெயரோடே இருக்கிறது. நம் பக்கம் இதற்கு நேர் உறவு சொல்ல வேண்டுமென்றால் பழனி பஞ்சாமிர்தத்தைச் சொல்லலாம். அடுப்பே கிடையாது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காததால்தான் அது கெடாமல் நிற்கிறது.

சர்க்கரை செய்கிற வேலையும் அதுதான். கிருமி வளரத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மொத்த எடையில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால் ஜாம் வெளியிலேயே நிற்கும். அதற்குக் கீழே போனால் ஃபிரிட்ஜ் வேண்டும். இறுகுவதற்குக் காரணம் பழத்திலேயே இருக்கிற பெக்டின். 1825-ல் ஹென்ரி பிராகொன்னோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அது கூழாகப் பிடிக்கப் புளிப்பும் வேண்டும், சர்க்கரையும் வேண்டும். எலுமிச்சை எதற்கு என்பதற்கு விடை இதுதான்.

சரி, சர்க்கரை எப்படி உள்ளே வந்தது?

மருந்தாக வந்தது. அரபு வைத்தியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சர்க்கரை ரொம்ப நாள் மருந்துக்கடைச் சரக்காகவே இருந்தது. நோன்பு நாளில் மசாலா சேர்த்த சர்க்கரை சாப்பிட்டால் நோன்பு முறியுமா என்று 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸிடம் கேள்வி போயிருக்கிறது. முறியாது, அது செரிமானத்துக்கான மருந்துதானே என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். (விரதத்தில் காப்பி குடிக்கலாமா என்று நம் வீடுகளில் நடக்கிற விசாரணைக்கு முன்னோடி!) போர்த்துகீசியர்கள் 'மர்மேலு' எனப்படும் சீமை மாதுளையைச் சர்க்கரையோடு கெட்டியாகக் கிளறிப் பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்தார்கள். 'மார்மலேட்' என்ற பெயர் அந்தப் பழத்திலிருந்து வந்ததுதான், ஆரஞ்சுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. சீமை மாதுளை ஜெல்லி, செர்ரி ஜெல்லி செய்முறைகளோடு ஒரு புத்தகம் 1555-ல் லியோன் நகரில் அச்சாகி வந்தது. எழுதியவர் யார் தெரியுமா? ஆருடம் சொன்ன அதே நாஸ்ட்ரடாமஸ். அடிப்படையில் அவர் மருந்து செய்கிறவர். இந்தக் காலம் வரைக்கும் பழமும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அரண்மனைச் சமாச்சாரம், பணக்கார வீட்டுச் சமாச்சாரம்.

அதை மாற்றியது சமையல்காரர்கள் இல்லை. மதேய்ரா தீவு, பிறகு பிரேசில், பிறகு கரீபியன் தீவுகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை மலிந்தது. சிட்னி மின்ட்ஸ் 1985-ல் எழுதிய 'ஸ்வீட்னஸ் அண்ட் பவர்' இந்த வரலாற்றைத் தெளிவாகச் சொல்கிற புத்தகம். மானிடவியல் என்று பயப்பட வேண்டாம், சுவாரசியமாகவே போகும். இங்கிலாந்தில் 1800 வாக்கில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 18 பவுண்டு சர்க்கரை, அதே நூற்றாண்டின் முடிவில் சுமார் 90 பவுண்டு என்று அவர் காட்டுகிறார்.

வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 1791-ல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்குகிற ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பல வீடுகள் சர்க்கரையை நிறுத்தின. கொஞ்சம் பின்னால், 'இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல' என்று எழுதின சர்க்கரைக் கிண்ணங்களே விற்பனைக்கு வந்தன. இந்தியச் சர்க்கரை நல்ல மனசாட்சியின் சர்க்கரை என்று விளம்பரம்!

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. 2 கோடி பவுண்டு நஷ்டஈடும் கொடுத்தது. கொடுத்தது அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு. கரும்பு மட்டும் வெட்ட ஆளில்லாமல் நின்றது.

இங்கேதான் நம் ஊர்கள் வருகின்றன. 1834-லிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்கள்தான் அதிகம், சென்னையிலிருந்து போனவர்களும் பெருங்கூட்டம். மொத்தத்தில் அந்தச் சின்னத் தீவுக்கு ஏறக்குறைய 5 லட்சம் பேர். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கி ஏறின படிக்கட்டு, 'ஆப்ரவாசி காட்', 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் போனதே சென்னையிலிருந்துதான். 'ட்ரூரோ' என்று பெயர், 342 பேர், டர்பனில் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அடுத்த 51 வருஷத்தில் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்துக்காரர்கள்.

இந்தக் கப்பல் பட்டியல்களைப் படித்துப் பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என்று வரிசையாக இருக்கும். வடஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி. நான் சர்க்கரை விஷயத்துக்காகத் திறந்துவிட்டு, நமக்குத் தெரிந்த ஊர் ஏதாவது வருகிறதா என்று தேட ஆரம்பித்து இரவு ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெயரை எழுதின குமாஸ்தாவின் ஆங்கில எழுத்தை வைத்து எந்த ஊர் என்று ஊகிப்பதே பெரிய வேலை.

நேட்டாலில் ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபிறகு அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுண்டு தலைவரி என்று 1895-ல் சட்டம் வந்தது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது அந்தச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி! கட்ட முடியாதவன் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கரும்புக்கே போகவேண்டும். சட்டத்தின் நோக்கமும் அதுதான். 1913-ல் காந்தி நடத்திய போராட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியதற்கு இந்த வரிதான் முக்கியக் காரணம். அந்தப் போராட்டத்தில் சிறை போய் நோயோடு திரும்பி, 1914 பிப்ரவரியில் இறந்துபோனவர் தில்லையாடி வள்ளியம்மை. பள்ளிப் பாடத்தில் அவர் பெயரை எல்லோரும் படித்திருப்போம். பின்னால் இருந்த சர்க்கரையை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன பெண்களைப் பற்றிப் பாரதி பாடியதும் இதே காலத்தைச் சேர்ந்த சங்கதி.

இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு ஓர் அழகான சங்கிலி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நம் ஆட்கள் கரும்பு வெட்டினார்கள், அந்தச் சர்க்கரையில் லண்டன்காரன் ஜாம் தின்றான். கட்டுரையையும் அப்படியே பாதி எழுதிவிட்டேன். அப்புறம் இறக்குமதிக் கணக்கைப் பார்த்தால் சங்கிலி நடுவில் அறுந்து கிடக்கிறது.

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அந்தக் கதை சரி. 1825-ல் மொரீஷியஸ் சர்க்கரைக்கும் கரீபியன் சர்க்கரைக்கும் ஒரே வரி என்று ஆனதும், அது இங்கிலாந்துச் சந்தைக்கு நிறையப் போனது. ஆனால் 1874-ல் பிரிட்டன் சர்க்கரை மீதான இறக்குமதி வரியை முழுவதும் நீக்கிய பிறகு, ஜாம் தொழிற்சாலைகள் பெருகி, கூலிக்காரக் குடும்பங்களில் ரொட்டியும் ஜாமும் ஒரு வேளைச் சாப்பாடாகவே மாறின காலத்தில், அங்கே குவிந்தது பெரும்பாலும் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பிரான்ஸ் நாடுகளின் பீட்ரூட் சர்க்கரை. காய்கறிக் கடையில் வாங்குகிற சிவப்பு பீட்ரூட் இல்லை, வெள்ளையாக, பெரிதாக இருக்கிற சர்க்கரைக் கிழங்கு. அந்த அரசாங்கங்கள் ஏற்றுமதிக்கு மானியம் கொடுத்து விலையை அடித்து இறக்கின. ஜாம் மலிந்ததற்குக் கடைசித் தள்ளு கொடுத்தது அந்த மானியம்தான்.

அப்படியென்றால் நம் ஆட்கள் வெட்டின கரும்பு எங்கே போனது? நேட்டால் சர்க்கரை பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலேயே செலவானது. ஃபிஜி சர்க்கரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் போனது. மொரீஷியஸ் சர்க்கரைக்கு ஐரோப்பாவில் விலை கிடைக்காமல் போகவே, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தேடிக்கொண்ட பெரிய சந்தை இந்தியா. இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றுமதி, அந்த ஆள் செய்த சர்க்கரை இந்தியாவுக்கே இறக்குமதி! 1899-ல் கர்சன் அரசு மானியம் பெற்ற பீட்ரூட் சர்க்கரைக்குக் கூடுதல் வரி போட்டதில் லாபம் அடைந்தவர்களில் மொரீஷியஸ் தோட்ட முதலாளிகளும் உண்டு. என் முதல் சங்கிலியைவிட இது சிக்கலானது. எனக்கு இதுதான் அதிகமாக உறைத்தது. இங்கே யாரோ ஒரு வீட்டில், கடல் தாண்டிப்போன மகனோ அண்ணனோ செய்த சர்க்கரையை, அவன் செய்தது என்று தெரியாமலேயே விசேஷத்துக்கு வாங்கியிருக்கலாம்.

மேல்தட்டுக்கு இதே காலத்தில் வந்தது மெல்பா சாஸ். 1890-களில் லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் எஸ்கோஃபியே, ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவைக் கௌரவிக்கப் பீச் பழத்தையும் வெனிலா ஐஸ்கிரீமையும் பரிமாறினார். அதன்மேல் ராஸ்பெர்ரிக் கூழும் சர்க்கரையும் கலந்த சிவப்புச் சாஸை ஊற்றும் வழக்கத்தைச் சில வருஷம் கழித்துச் சேர்த்தார். இன்றைக்கு வீட்டில் நாம் செய்கிற சாஸின் நேரடி மூதாதை அதுதான். விலையுயர்ந்த ஹோட்டல் சாஸிலும் கூலிக்காரன் ஜாமிலும் சரக்கு ஒன்றுதான், பழமும் சர்க்கரையும்.

அம்மா சொன்ன 'அஸ்கா'வுக்கும் விடை கிடைத்தது. அது ஓர் ஊர். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவில், இன்றைய ஒடிசாவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் மின்சின் என்ற ஆங்கிலேயர் அங்கே நடத்திய ஆலையிலிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரைக்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. 'சீனி' என்பது சீனத்திலிருந்து வந்த பெயர். நம் சொந்தச் 'சர்க்கரை'யோ பல ஊர்களில் இன்றும் வெல்லத்தைத்தான் குறிக்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே அது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1932-ல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து, இறக்குமதிக்குக் கடும் வரி விழுந்து, இங்கே ஆலைகள் மளமளவென்று முளைத்த பிறகுதான் கதை மாறியது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ரோமானியர் காரீயப் பாத்திரம் வரைக்கும் ஆர்வமாகக் கேட்டாங்க, பீட்ரூட் மானியத்தில் தூங்கிட்டாங்க.

மீதியிருந்த திராட்சையில் சாப்பா கணக்குப்படி செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் சாறு, சர்க்கரை இல்லை, எவர்சில்வர் பாத்திரம். மூன்றில் ஒன்றாகச் சுண்ட ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைசிப் பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று கிண்டணும், இல்லையென்றால் அடிபிடித்துக் கசந்துவிடும். நிறம் கறுப்புக்குப் பக்கத்தில் வருகிறது. புளிப்பும் சேர்ந்தே சுண்டுவதால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டுப் பழைய ஜாமையே கேட்டாள்.

அம்மா ஆப்பத்துக்குத் தொட்டுக்கொண்டாங்க. "கேஸுக்குப் புடிச்ச கேடு"ன்னு சொல்லிட்டு, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாங்க.